கூவிவிட்டுக் காத்திருக்கும் கருவி

சோடார் பத்தில் ஒரு பங்கு நொடிதான் கூவும். அதன்பின் 6 நொடி வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கும். மறுபடியும் கூவும். இரவு பகல் பாராமல் இதே வேலை. எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகத்தில் போகிறது, சூடான அடுக்கு எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் அந்த 6 நொடிக்குள் திரும்பி வரும் மெல்லிய முனகலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த முனகலோடுதான் போனது. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சில காலம், காற்றாலைகள் நிற்கும் தென்கோடியில் சில காலம், இடையிடையே ஆந்திர எல்லையிலும்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வானத்தில் சுவரா இருக்கிறது, ஒலி எதில் மோதித் திரும்புகிறது? காற்றிலேயே மோதித்தான். தரைக்கு மேலுள்ள காற்று ஒருபோதும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. சற்றுச் சூடான பொட்டலமும் சற்றுக் குளிர்ந்த பொட்டலமும் பிசிறு பிசிறாகக் கலந்து கிடக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்ததில் மெதுவாக. அந்த வேக வித்தியாசம் இருக்கும் இடத்திலெல்லாம் ஒலியில் ஒரு துளி சிதறும். 2,000 ஹெர்ட்ஸில் கூவினால் அலைநீளம் 17 சென்டிமீட்டர். அதில் பாதி அளவுள்ள, அதாவது எட்டரை சென்டிமீட்டர் சுழல்கள் மட்டும் கருவியை நோக்கித் திருப்பி அனுப்பும். நம் வெயிலில் ஒரு நொடியில் திரும்பி வந்த ஒலி ஏறத்தாழ 175 மீட்டர் உயரத்தைத் தொட்டது என்று பொருள். ஒரு கிலோமீட்டர் உயரம் போய்வர 6 நொடிக்குச் சற்றுக் குறைவு. காத்திருப்பின் கணக்கு அதுதான்.

சுழல் நம்மை நோக்கி வந்தால் திரும்பும் ஒலி சற்றுக் கீச்சிடும். விலகிப் போனால் சற்றுத் தணியும். டாப்ளர் விளைவு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் 2,000 ஹெர்ட்ஸ் ஒலியில் பதினொன்றரை ஹெர்ட்ஸ் மாற்றம். ஒரு கற்றையை நேர்மேலேயும் இரண்டு கற்றைகளைச் சற்றுச் சாய்த்தும் அனுப்பினால், மூன்று திசை வேகமும் கிடைத்துவிடும். பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம். களத்தில் அந்த அரைப் பக்கத்தோடுதான் வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நிற்க வேண்டும். ஏனென்றால் ஒலியில் வெப்பநிலையின் அடையாளமும் காற்றோட்டத்தின் அடையாளமும் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டையும் பிரிப்பதுதான் எங்கள் தொழில். மற்றதெல்லாம் கம்பி இழுப்பதும் துரு தேய்ப்பதும்.

மேலே அனுப்பிய ஒலியின் எதிரொலியை 1946இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கில்மன், காக்ஸ்ஹெட், வில்லிஸ் மூவரும் பதிவு செய்தார்கள். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1968இல் ஆஸ்திரேலியாவின் சாலிஸ்பரியில் மக்கலிஸ்டர் அதைப் படமாகவே வரைந்து காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கார்டன் லிட்டில், காற்று மண்டலத்தை ஒலியால் துழாவுவது பற்றி விரிவான கட்டுரை எழுத, உலகம் முழுக்க ஆளுக்கொரு சோடார் கட்டத் தொடங்கினார்கள். நம் நாட்டில் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் 1970களில் இந்த வேலையை ஆரம்பித்தது. சிங்கால் தலைமையிலான குழுவின் கைவண்ணம் அது. நாட்டில் பலருக்கு அவர்களுடைய கருவிகள்தாம் பள்ளிக்கூடம்.

அந்தக் காலக் கருவியில் கணினித் திரை கிடையாது. உருளையில் சுற்றிய காகிதத்தின் மேல் முள் ஓடும். எதிரொலி வலுவாக இருந்தால் மின்பொறி காகிதத்தைக் கருக்கும். அறை முழுக்கக் கருகல் நாற்றம். ஆனால் அந்தப் படம் சொல்லும் சேதியை இன்றைய வண்ணத் திரைகள் சொல்வதில்லை என்று பிடிவாதமாக நம்புகிறவன் நான். இரவில் தரையை ஒட்டி நூறு, நூற்றைம்பது மீட்டர் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டை. அதுதான் இன்வெர்ஷன்: தரை குளிர்ந்து, மேலே சூடும் கீழே குளிருமாகத் தலைகீழாகிவிட்ட அடுக்கு. விடிந்து வெயில் ஏறியதும் பட்டை தரையை விட்டு மெல்லத் தூக்கும். அதன் அடியிலிருந்து கோரைப்புல் முளைத்தாற்போலச் செங்குத்தான கோடுகள் எழும். தரை சூடாகி மேலேறும் காற்றின் தூண்கள் அவை. பத்து மணி வாக்கில் பட்டை உடைந்து காணாமல் போய்விடும். புல் மட்டும் உயர்ந்து நிற்கும்.

இன்வெர்ஷனைப் பார்க்கக் கருவி எதற்கு, காதே போதும் என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். மார்கழி விடியலில் மூன்று ஊர் தள்ளியிருக்கும் கோயில் குழாய் ஸ்பீக்கர் பக்கத்துத் தெருவில் பாடுகிற மாதிரி கேட்கும். அதே பாட்டு மதியம் அடுத்த ஊருக்கே எட்டாது. விடியலில் மேலே சூடு அதிகம் என்பதால் மேல் நோக்கிப் போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கு வருகிறது. மதியம் கீழே சூடு, ஒலி மேல் நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடுகிறது. காற்று வீசும் திசையும் இதே வேலையைச் செய்யும். காற்றடிக்கும் பக்கம் இருப்பவருக்குக் கேட்கும், எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் கேட்காது. இந்த இரண்டையும்தான் நாங்கள் எண்ணாக்குகிறோம்.

இதே வளைவு வானத்தின் இன்னும் பெரிய இரகசியம் ஒன்றையும் காட்டிக் கொடுத்தது. பெருவெடிப்புகளின் ஓசை அருகில் கேட்கும், நடுவில் ஒரு வட்டாரத்தில் கேட்காது, அதற்கும் அப்பால் மறுபடி கேட்கும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மறுபடி சூடாகிறது, அங்கேதான் ஒலி வளைந்து திரும்புகிறது என்ற முடிவுக்கு 1920களில் வந்தார்கள். எந்தக் கருவியும் அந்த உயரத்துக்குப் போவதற்கு முன்பே, கேட்ட இடங்களையும் கேட்காத இடங்களையும் வரைபடத்தில் குறித்தே கண்டுபிடித்தது அது. 1950களில் ராக்கெட்டில் வெடிகுண்டுகளை அனுப்பி, ஒவ்வோர் உயரத்திலும் ஒன்றாக வெடிக்கவைத்து, தரையில் வரிசையாக வைத்த மைக்குகளால் கேட்டு, 80 கிலோமீட்டர் வரை வெப்பநிலையும் காற்றும் கண்டார்கள். கனடாவின் ஃபோர்ட் சர்ச்சிலில் கடுங்குளிரிலும் அது நடந்தது. எங்கள் வேலை அந்த அளவுக்கு வீரதீரமானது இல்லை. எங்கள் எல்லை தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர். மனிதர் மூச்சு விடுவதும் புகை போவதும் அதற்குள்தான்.

கடலோரத்தில் சோடார் வைத்ததற்குக் காரணம் கடற்காற்று. மே மாதம் சென்னையில் இருந்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து நெருப்பாக வீசும் நிலக்காற்று நின்று, கடற்காற்று எப்போது உள்ளே வரும் என்பதுதான் அன்றைய நாளின் ஒரே கேள்வி. மேற்குக் காற்று வலுத்த நாளில் அது மாலை வரை வராது. சில நாள் வரவே வராது. சோடாரில் அந்த வருகை அப்பட்டமாகத் தெரியும். மதியம் வரை 800 மீட்டர் தாண்டி ஓங்கி நின்ற கோரைப்புல் பத்து நிமிடத்தில் வெட்டினாற்போல் குட்டையாகும். இருநூறு, முந்நூறு மீட்டரில் ஒரு மூடி விழும். அதற்குக் கீழே திசை தென்கிழக்குக்குத் திரும்பியிருக்கும்; மேலே இன்னும் மேற்குக் காற்றே ஓடிக்கொண்டிருக்கும். முதன்முதலில் அம்புக்குறிப் படத்தைப் பார்க்கிறவர்கள் கருவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். கீழே ஒரு திசை, அரைக் கிலோமீட்டர் மேலே நேர் எதிர்த் திசை.

மூடிக்குக் கீழே நடப்பது இன்னும் முக்கியம். கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அடங்கியது. கரையைத் தொட்டதும் சூடான மண் அதை அடியிலிருந்து கலக்கத் தொடங்கும். கலங்கிய பகுதி கரையில் மெல்லியதாக ஆரம்பித்து உள்ளே போகப் போக உயரும். கரையோரம் உயரமான புகைபோக்கி இருந்தால், அதன் புகை முதலில் அடங்கிய காற்றில் நூல் பிடித்தாற்போல உயரத்திலேயே போகும். சில கிலோமீட்டர் தள்ளி, உயர்ந்துவரும் கலங்கல் அந்தப் புகையைத் தொடும் இடத்தில், மொத்தப் புகையும் தடாலெனத் தரைக்கு இறங்கும். புகைபோக்கியின் காலடியில் ஒன்றும் இராது. தூரத்து ஊரில் கண் எரியும். கரையோர அனல்மின் நிலையமானாலும் அணுமின் நிலையமானாலும் இந்தக் கலங்கலின் உயரம் தெரியாமல் போட்ட கணக்கு செல்லாது.

அதற்குப் பலூன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து காலை ஐந்தரை மணி நிலவரத்துக்கு ஒன்றும் மாலை ஐந்தரைக்கு ஒன்றும் பறக்கிறது. துல்லியத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் எங்களுக்கு வேண்டிய முதல் 500 மீட்டரைப் பலூன் இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடும். கடற்காற்று வருவதோ இரண்டு பலூன்களுக்கும் நடுவில், மதிய வேளையில். அந்த நடுப்பொழுதைக் காவல் காத்தது ஒலிதான்.

காவல் என்றதும் எங்கள் நிலையத்துக் காவலாளி நினைவுக்கு வருகிறார். "சார், ராத்திரி பூரா இது கூவிக்கிட்டே இருக்குதே, யாரையாவது கூப்பிடுதா?" என்று கேட்டார் ஒரு நாள். காற்றைக் கூப்பிடுகிறது என்றேன். "காத்து பதில் சொல்லுதுங்களா?" சொல்கிறது, ஆனால் தவளை கத்தினால் கேட்காது என்றேன். சிரித்தார். ஐப்பசி மழை பிடித்ததும் அவரே வந்து, "இன்னைக்கு உங்க காத்து பேசாதுங்க, குட்டை ரொம்பிடுச்சு" என்று தகவல் சொல்லிவிட்டுப் போவார். அவருடைய கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இரைச்சலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். தவளை 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் கத்தும். எங்கள் கருவியும் அங்கேதான் கூவுகிறது. சிறு சோடார்கள் 4,500 ஹெர்ட்ஸை ஒட்டிக் கூவும். அங்கே சுவர்க்கோழி காத்திருக்கும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் வாரத்தில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் நான்கு திசையிலும் கட்டப்பட்டால் அந்த வாரத்துத் தரவை அப்படியே ஓரங்கட்டுவோம். டீசல் ஜெனரேட்டர், லாரியின் ஏர்ஹார்ன், கருவியின் விளிம்பில் காற்று உரசும் ஊளை, மழைத்துளி நுரைமெத்தையில் விழும் ஓசை, எல்லாம் எதிரி. கருவியைச் சுற்றி ஆளுயரத் தடுப்பு வைத்து, உள்பக்கம் ஒலி உறிஞ்சும் நுரை ஒட்டியிருக்கும். அந்த நுரையில் அணில் பஞ்சு பிய்க்கும், குளவி கூடு கட்டும். உப்புக்காற்றில் ஸ்பீக்கர் யூனிட்டின் காயில் அறுந்துவிடும். வெளிநாட்டு உதிரி வர மாதக்கணக்காகும் என்பதால் மைக்செட் கடைக்காரரிடம் கொடுத்துச் சுற்றி வாங்கிய காலமும் உண்டு. அவர் நேர்த்தியாகவே சுற்றுவார்.

பொய் எதிரொலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உண்மையான எதிரொலி உயரம் கூடக்கூடத் தேயும். தேய்வை ஈடுகட்ட மென்பொருள் உயரத்துக்கு ஏற்பப் பெருக்கிக் காட்டும். வெளி இரைச்சல் எல்லா உயரத்திலும் ஒரே அளவில்தான் வருகிறது. அதையும் சேர்த்துப் பெருக்குவதால் மேலே போகப் போக வலுத்துக்கொண்டே போகும். படத்தில் அடியிலிருந்து உச்சி வரை ஒரே தூணாக, உச்சியில் பளீரென்று ஒன்று நின்றால் அது காற்றில்லை, லாரி.

நிற்கும் பொருள்களின் எதிரொலி இன்னும் வஞ்சகமானது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வரும் நிலப்பரப்பில் ஒரு நிறுவனம் காற்றாலைக்காகச் சோடார் வைத்திருந்தது. 60 மீட்டரில் நல்ல வேகம், 100 மீட்டரில் நல்ல வேகம், நடுவில் 80 மீட்டரில் மட்டும் காற்று தூங்குகிறது. அறிக்கை எழுதியவர் அதற்கு மலையின் தாக்கம் என்று ஒரு விளக்கமும் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தால், சாய்ந்த கற்றையின் பக்கவாட்டில் 80 மீட்டர் தூரத்தில் வரிசையாகப் பனைமரங்கள். பனை நகராது, நகராத பொருளின் எதிரொலியில் டாப்ளர் மாற்றம் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் உண்மையான காற்றோடு கலந்து சராசரியை இறக்கிவிட்டது. கருவியை முப்பது டிகிரி திருப்பி வைத்ததும் தூங்கிய காற்று விழித்துக்கொண்டது. மலைத் தாக்க விளக்கம் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது.

எல்லா இரைச்சலும் அடங்கினாலும் சோடார் செவிடாகும் நேரம் ஒன்று உண்டு. பொழுது சாய்வதற்குச் சற்று முன், தரை சூடாவதும் இல்லை, குளிர்வதும் இல்லை என்ற சமநிலையில் காற்றின் சூட்டுப் பிசிறுகள் கரைந்துவிடும். சிதறடிக்க ஒன்றுமில்லை, எதிரொலியும் இல்லை. காலையிலும் ஒரு குறுகிய நேரம் அப்படி வரும். கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திருப்புளியைக் கையிலெடுத்தவர்கள் உண்டு. ஒரு மணி நேரம் பொறுத்தால் தானே சரியாகிவிடும்.

காற்றையும் சூட்டையும் பிரிப்பது பற்றிச் சொன்னேன். சோடார் வேகத்தைக் கணக்கிட ஒலியின் வேகம் தெரிய வேண்டும். ஒலியின் வேகத்துக்கு வெப்பநிலை தெரிய வேண்டும். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர். 32 டிகிரியில் 350ஐத் தாண்டிவிடும். குளிர் நாட்டில் செய்த கருவியின் ஆலை அமைப்பை மாற்றாமல் இங்கே ஓட்டினால் 2 சதவீதப் பிழை. பழைய பரவளையத் தட்டுக் கருவியில் இந்தப் பிழை காற்றின் வேகத்திலும் ஏறும். பல சிறு ஸ்பீக்கர்களை வரிசையாக அடுக்கி மின்னணு முறையில் கற்றையைச் சாய்க்கும் கருவியில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒலி வேகம் கூடினால் கற்றையின் சாய்வும் அதே விகிதத்தில் கூடிவிடும். கிடைக்காற்றின் கணக்கில் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. உயரத்தில் மட்டும் பிழை மிஞ்சும். வடிவமைத்தவர்கள் இதை விளம்பரப்படுத்துவதில்லை. படுத்தலாம்.

இரண்டையும் ஒரேயடியாகப் பிரித்துத் தருவது சோனிக். கோபுரத்தில் மூன்று விரல்கள் மேலேயும் மூன்று விரல்கள் கீழேயும் எதிரெதிரே நிற்கும் கருவி. நடுவில் இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. மேல் விரல் கீழ் விரலுக்கு மீயொலி அனுப்பும். கீழது மேலதற்கு அனுப்பும். காற்றோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போகும் ஒலி தாமதிக்கும். இரண்டு பயணத்தின் வேகங்களையும் கழித்தால் காற்று. கூட்டினால் ஒலியின் வேகம், அதாவது வெப்பநிலை. எனக்குத் தெரிந்தவரை அளவையியலில் இதைவிட அழகான கூட்டல் கழித்தல் இல்லை. 15 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு 430 மைக்ரோநொடி சொச்சம். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற மெல்லிய காற்றைப் பிடிக்க வேண்டுமானால், நொடியை எட்டுக் கோடிக் கூறாக்கி அதில் ஒரு கூறு அளவுக்கு நேரத்தை அளக்க வேண்டும். கருவி அதை நொடிக்கு இருபது தடவை செய்கிறது. மேலேறும் காற்று ஒவ்வொரு முறையும் எவ்வளவு சூட்டைத் தூக்கிப் போகிறது என்று அந்த வேகத்தில் எண்ணினால், தரை வானத்துக்குக் கொடுக்கும் வெப்பத்தை நேரடியாகக் கணக்கிடலாம். 1968இல் அமெரிக்காவின் கான்சஸ் சமவெளியில் 32 மீட்டர் கோபுரத்தில் கைமல் குழுவினர் சோனிக்குகளை வைத்து எடுத்த அளவுகள்தாம் இன்றைக்கும் தரையொட்டிய காற்றைப் பற்றிய சூத்திரங்களுக்கு ஆதாரம். நம் நாட்டில் 1990இல் பருவமழைத் தாழ்வுப் பகுதியை ஆராய்ந்த மான்ட்பிளெக்ஸ் முயற்சியில் ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, கரக்பூர் ஆகிய இடங்களில் 30 மீட்டர் கோபுரங்கள் நின்றன. அங்கே பாடம் படித்தவர்கள்தாம் எங்கள் தலைமுறைக்கு வாத்தியார்கள்.

சோனிக் பொய் சொல்கிறது என்று புதியவர்கள் ஓடிவருவது ஆண்டுதோறும் நடக்கும். "சார், நிழல்ல வச்ச தெர்மாமீட்டர் 30 காட்டுது, சோனிக் 33 காட்டுது." இரண்டும் சரி. நீராவி, காற்றைவிட எடை குறைந்தது. அது கலந்தால் ஒலி வேகம் கூடும். நம் கடலோரத்தில் ஒரு கிலோ காற்றில் 20 கிராம் நீராவி சாதாரணம். அந்த ஈரமே சோனிக்கின் கணக்கில் 3 டிகிரியாகத் தெரிகிறது. ஈரப்பதத்தை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். வறண்ட நாட்டுப் பாடப்புத்தகத்தில் இது அடிக்குறிப்பு. நமக்கு முதல் பக்கம்.

இருவழி ஒலியின் அருமை புரிய வேண்டுமானால் ஒருவழியில் அல்லாடியவரைப் பார்க்க வேண்டும். அவர் நம் ஊரிலேயே இருந்தார். நுங்கம்பாக்கத்தில் இன்று மண்டல வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் நிறுவப்பட்ட மதராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1820, 1821 ஆண்டுகளில் அங்கே வானியலராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளியைக் கண்டும் ஒலியைக் கேட்டும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்தார். கோட்டை அங்கிருந்து 4 கிலோமீட்டர் சொச்சம், ஒலி வர 12 நொடி. மலை 9 கிலோமீட்டர், 26 நொடி. ஒவ்வொரு நாளும் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரம், காற்றுத் திசை எல்லாம் எழுதிவைத்தார். 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் மாதவாரி அட்டவணையோடு அது வெளிவந்தது.

அந்த அட்டவணையை எங்கள் துறைக்காரர் கண்ணோடு பார்த்தால் மனம் அடித்துக்கொள்ளும். அவரிடம் பீரங்கி இரண்டு, காது ஒன்று. ஒலி எப்போதும் வெளியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கே வந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து திரும்பப் போகவில்லை. ஒரு டிகிரி வெப்பம் ஒலியை நொடிக்கு 0.6 மீட்டர் வேகப்படுத்தும். நொடிக்கு 6 மீட்டர் காற்று துணைக்கு வந்தால் அதுவே 10 டிகிரி சூடு போலத் தோன்றும். எது சூடு, எது காற்று என்று பிரிக்க எதிர்த்திசையில் இன்னொரு பீரங்கி வேண்டும். 1822இல் பாரிசுக்கு அருகே வில்ஜூயிஃபுக்கும் மோன்லேரிக்கும் இடையே அராகோ, கே-லுசாக், ஹம்போல்ட் முதலானோர் இருபுறமும் மாறி மாறிச் சுட்டுக் காற்றைக் கழித்துக்கொண்டார்கள். சோனிக்கின் விரல்களுக்கு நடுவே நடப்பது அதே காரியம்தான், பீரங்கிதான் இல்லை. ஆனாலும் பருவங்கள் தோறும் சளைக்காமல் தொடர்ந்து எடுத்த தொகுப்பு என்ற வகையில் என் மதிப்பெண் கோல்டிங்ஹாமுக்குத்தான். பாரிசுக்காரர்கள் சில இரவுகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உயரத்தில் வெப்பநிலை வேண்டுமானால் ராஸ். ஒலியை மேலே அனுப்பி, அந்த ஒலியலையையே ரேடாரால் பார்ப்பது. ஒலி, காற்றில் நெருக்கமும் தளர்ச்சியுமான அடுக்குகளாக மேலேறும். ரேடார் அலைநீளம் ஒலி அலைநீளத்தைப் போல் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் அந்த அடுக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ரேடார் அலையைத் திருப்பும். திரும்பியதன் டாப்ளர் மாற்றம் ஒலி ஏறும் வேகத்தைச் சொல்லும். வேகம் வெப்பநிலையைச் சொல்லும். 1972இல் ஸ்டான்ஃபோர்டில் இதைச் செய்து காட்டினார்கள். திருப்பதிக்கு அருகே கடங்கியிலுள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரில் இந்த வித்தை பெரிய அளவில் நடந்தது. ரேடார் அலைநீளம் 5.66 மீட்டர் என்பதால் ஒலி 2.83 மீட்டர் இருக்க வேண்டும். தரையில் அது 120 ஹெர்ட்ஸை ஒட்டிய கனத்த உறுமல். மேலே போகப் போகக் குளிர்ந்து ஒலி வேகம் குறைவதால் அதே அலைநீளத்துக்கு இன்னும் தணிந்த சுருதி வேண்டும். 17 கிலோமீட்டர் உயரக் கடுங்குளிருக்கு 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே. ஆகவே ஸ்பீக்கர் ஒரே சுருதியில் நிற்காமல் ஏறி இறங்கிப் பாடவேண்டும். ஆடி, ஆவணியில் உயரத்துக் கிழக்குக் காற்று ஒலியை மேற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். எங்கே தள்ளியிருக்கும் என்று கணக்கிட்டு ரேடார் கற்றையை அங்கே திருப்ப வேண்டும். இங்கும் அதே பங்காளிச் சண்டைதான்: மேலேறும் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் இருந்தால் வெப்பநிலையில் ஒன்றரை டிகிரிக்கு மேல் பிழை. அதனால் ரேடாரை வைத்தே காற்றின் செங்குத்து வேகத்தையும் தனியே அளந்து கழிக்கிறார்கள்.

இப்போது லைடார் வந்துவிட்டது. லேசர் ஒளியைத் தூசியில் பட்டுத் திரும்பச் செய்து காற்றின் வேகத்தை அளக்கிறது. சத்தமில்லை, தவளைக்குப் பயமில்லை, கூரை மேல் வைக்கலாம். காற்றாலைக்காரர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். அவர்கள் நிலையில் நானும் மாறியிருப்பேன். பருவக்காற்று உச்சத்தில் சோடார் தன் கூவலையே கேட்க முடியாமல் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் சாதாரணக் காற்று லைடார் வெப்பநிலையைத் தராது. கலங்கல் எங்கே நிற்கிறது, இன்வெர்ஷன் மூடி எப்போது உடைகிறது என்று வேகத்தையும் தூசியையும் வைத்து ஊகிக்கத்தான் வேண்டும். சோடாருக்கோ அந்தச் சூட்டுப் பிசிறுதான் பிழைப்பே. காற்றாலைக்கு லைடார், நகரத்து மூச்சுக்குச் சோடாரும் ராஸும். என் தீர்ப்பு இதுதான்.

நகரத்து மூச்சு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. போகி விடியலில் சென்னைத் தெருக்களில் எரியும் பழம்பொருள்களின் புகை ஏன் மேலே போகாமல் தங்குகிறது? தை பிறக்கும் குளிரில் மேலே மூடி நிற்பதால். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தடுமாறின. புகையின் அளவைச் சொல்லப் பல கருவிகள் இருக்கின்றன. மூடி எத்தனை மீட்டரில் நிற்கிறது, எத்தனை மணிக்கு உடையும் என்பதை மணிக்கு மணி சொல்ல வல்லது ஒலி. ஓர் ஆய்வுத் திட்டத்துக்காகக் கருவி வாங்குவது, மூன்று ஆண்டு ஓட்டுவது, கட்டுரை வந்ததும் தார்ப்பாய் போட்டு மூடுவது என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. கடலோர நகரங்களில் சோடாரும் ராஸும் சேர்ந்த நிலையங்கள் மழைமானிபோல நிரந்தரமாக ஓட வேண்டும். அவற்றின் படம் அன்றன்றைக்கே எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். செலவு ஒரு மேம்பாலத் தூணுக்கு ஆகிற அளவுகூட இல்லை.

அப்படி ஒன்று உங்கள் பகுதியில் வந்தால், வேலிக்குள்ளிருந்து சில நொடிக்கு ஒரு முறை வரும் கீச்சொலி முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பிறகு பழகிவிடும். புகார் எழுதும் முன் உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டு அன்றைய படத்தைக் காட்டச் சொல்லுங்கள்; சந்தோஷமாகக் காட்டுவார், கேட்க ஆளில்லாமல்தான் இருப்பார். வேலிக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் மட்டும் வைக்காதீர்கள்.